வேறெங்கும் வாசிக்காததை வாசியுங்கள்

நெதர்லாந்தின் டில்பர்க் என்ற முன்னாள் நெசவு நகரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நான்கு நாட்கள் நடக்கிறது ரோட்பர்ன் விழா. பங்க் இசையின் ஓரங்களில் திரிபவர்களும் கனத்த இசையைக் கலைத்துப் போட்டு ஆடுபவர்களும் அங்கே வந்துதான் துணிகிறார்கள். ஏன் அங்கே?

டில்பர்க் ஊர்க்காரர்களை மற்ற டச்சுக்காரர்கள் 'குடுவையில் மூத்திரம் பெய்கிறவர்கள்' என்று பல தலைமுறையாகக் கிண்டல் செய்துவந்தார்கள். கிண்டலுக்குக் காரணம் இருந்தது. நெசவாளர் வீடுகளில் மூத்திரத்தை மண்குடுவையில் சேர்த்துவைத்துக் கம்பளி ஆலைகளுக்கு விற்பார்கள். அதிலிருந்து வரும் அம்மோனியா கம்பளியின் பிசுக்கைப் போக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பளி ஆலைகள் இருந்தன. 1960களில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்த பெரிய பணிமனை இந்த நூற்றாண்டுவரை தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போனது. உயரமான கூரையும் இரும்புத் தூண்களும் காலி இடமும்தான் ஊருக்கு மிச்சம். பழைய கேலியைப் பற்றி இப்போது யாருக்கும் கூச்சமில்லை. கார்னிவல் நாட்களில் ஊரே தன்னைக் 'குடுவை நகரம்' என்று அழைத்துக்கொள்கிறது.

சுமார் இரண்டேகால் லட்சம் பேர் வாழும் இந்த ஊருக்கு, ஒவ்வோர் ஏப்ரலிலும் கறுப்புச் சட்டைக்காரர்கள் சில ஆயிரம் பேர் உலகெங்கிலுமிருந்து வந்து இறங்குகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 013 என்ற அரங்கம். ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு 1998-ல் திறக்கப்பட்டது. 2015-ல் விரிவாக்கிய பிறகு அதன் பெரிய கூடத்தில் சுமார் 3,000 பேர் நிற்கலாம். அரங்கத்தை ஒட்டிய தெருவில் வரிசையாகக் குடிக்கடைகள். விழாக்காரர்கள் அந்தத் தெருவுக்கு 'கிறுக்கர் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும்படி ஒரு பட்டப்பெயர் வைத்து, அதே பெயரில் விழா நாட்களில் தினசரி ஓர் அச்சுத் தாளும் பல ஆண்டுகள் நடத்தினார்கள். பழைய ரயில் பணிமனைக் கூடங்களும் இப்போது மேடைகளாகிவிட்டன. அதே வளாகத்தில் எஞ்சின் கொட்டகை ஒன்று நூலகமாக மாறி, 2019-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதை வாங்கியது. பணிமனை என்றாலே இடித்துத் தள்ளவேண்டியது என்று நினைக்கும் ஊர்கள் போய்ப் பார்க்கவேண்டிய இடம்.

ஆனால் கட்டடத்தால் மட்டும் ஒரு விழா உருவாவதில்லை. கேள்வி வேறு. ஐரோப்பாவில் மெட்டல் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் வயல்வெளியில் கூடுவோர் எண்ணிக்கை 80,000-ஐத் தாண்டும். அதோடு ஒப்பிட்டால் ரோட்பர்ன் கூட்டம் ஒரு மூலைக்குக் காணாது. இருந்தும், கடந்த இருபது ஆண்டுகளில் கனத்த இசையின் போக்கு மாறிய தருணங்களை எண்ணிப்பார்த்தால், அவற்றில் பல இந்தச் சின்ன ஊரில் நிகழ்ந்தவை.

கேட்கத் தெரிந்த மனிதர்

விழாவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வால்டர் ஹூய்மாக்கர்ஸ். 1990களின் கடைசியில், ஸ்டோனர் ராக் என்று சொல்லப்படும் மெதுவான, புழுதி படிந்த கிட்டார் இசைக்காக ஓர் இணையதளம் நடத்திவந்தவர்களில் ஒருவர். 1999-ல் முதல் ரோட்பர்ன் நடந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அது ரசிகர்கள் தங்களுக்காகவே நடத்திக்கொண்ட ஒருநாள் கூத்து. பெரிய திட்டமெல்லாம் கிடையாது.

திருப்பம் 2008-ல் வந்தது. அந்த ஆண்டிலிருந்து விழாவின் ஒரு நாளை ஓர் இசைக்கலைஞரிடம் ஒப்படைத்து, குழுக்களை அவரே தேர்ந்தெடுக்கும் வழக்கம் தொடங்கியது. முதலில் கரன்ட் 93 குழுவின் டேவிட் திபெத். அடுத்த ஆண்டு நியூரோசிஸ் குழு. 2010-ல் சுவிட்சர்லாந்தின் டாம் கேப்ரியல் ஃபிஷர், 2011-ல் சன் ஓ குழு. இந்த யோசனை இவர்களே கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரை விடுதிகளில் நடந்த 'ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்' விழா 2000-லேயே மோக்வை குழுவிடம் தேர்வை விட்டது. ஒரு பழைய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசிக்கச் சொல்லும் பழக்கத்தைப் பரப்பியதும் அவர்கள்தான். அந்த விழா கடனில் தத்தளித்து 2016-ல் மூழ்கியது. யோசனையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட டில்பர்க், பேராசையை எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கமாக ஒரு விழாவுக்குக் குழுவை அழைப்பது என்றால் முகவரிடம் விலை பேசுவது. இத்தனை நிமிடம், இத்தனை யூரோ, இத்தனை அறை. குழுவும் பயணத்தில் தினமும் வாசிக்கும் அதே பன்னிரண்டு பாட்டுகளை வாசித்துவிட்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறும். ஹூய்மாக்கர்ஸும் கூட்டாளிகளும் இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள்: நீங்கள் வேறெங்கும் செய்யாத எதை இங்கே செய்வீர்கள்? என் பார்வையில் ரோட்பர்னின் முழு வரலாறும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

அதில் ஒரு பதிலுக்காக 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1987-ல் ஃபிஷரின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழு 'இன்டு தி பாண்டிமோனியம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. கரடுமுரடான மெட்டலோடு தந்திக் கருவிகளையும் பெண்குரலையும் கலந்த அந்த ஆல்பத்தில் 'ரெக்ஸ் இரே' என்று ஒரு பாட்டு. மூன்று பகுதிகளாகத் திட்டமிட்ட, ரெக்வியம் எனப்படும் ஓர் இரங்கல் இசையின் முதல் பகுதி அது. மீதி வரவில்லை. குழு சிதறியது, பிறகு கூடியது. 2006-ல் வந்த 'மோனோதீயிஸ்ட்' ஆல்பத்தின் முடிவில் மூன்றாம் பகுதி மட்டும் இருந்தது. தலையும் காலும் இருக்கின்றன, உடம்பு இல்லை. 2008-ல் குழு முற்றாகக் கலைந்தது. ஃபிஷரோடு அதைக் கட்டியெழுப்பிய பேஸ் கலைஞர் மார்ட்டின் எரிக் ஐன் 2017-ல் இறந்தார்.

பாதியில் நின்ற அந்த இரங்கல் இசையை முடித்துத் தரமுடியுமா என்று ஃபிஷரிடம் கேட்டார் ஹூய்மாக்கர்ஸ். வெறும் கேள்வியோடு நிற்காமல் ஓர் இசைக்குழுவையும் ஏற்பாடு செய்தார்கள். 1945-லிருந்து ஜாஸையும் ஜனரஞ்சக இசையையும் வாசித்துவரும் நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ரா. ஃபிஷர் நடுப்பகுதியை எழுதினார். அது மட்டுமே அரைமணி நேரத்துக்கு மேல் நீண்டது. 2019 ஏப்ரல் 12 அன்று அவருடைய இப்போதைய குழுவான ட்ரிப்டிகான், வயலின்களும் ஊதுகருவிகளும் சூழ, மூன்று பகுதிகளையும் சேர்த்து 013-ல் அரங்கேற்றியது. அந்த ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது. கேட்டால் தெரியும்: நடுப்பகுதியில் ஃபிஷருக்கு அவசரமே இல்லை. ட்ரம்ஸ் தனியாகப் பேசும் இடங்கள் இருக்கின்றன; கிட்டார் பல நிமிடங்கள் வாயைத் திறப்பதில்லை. சத்தத்தால் பேர் வாங்கிய ஒரு மனிதர் தன் வாழ்நாள் வேலையை முடிக்கும்போது காட்டும் நிதானம் அது. இப்படி ஒன்றை எந்த இசை நிறுவனமும் தன் காசில் கேட்டிருக்காது.

வேகத்தை விட்ட பங்க்

கனத்த இசை விழாவில் பங்க் எங்கே வந்தது என்று கேட்கலாம். வேர் அங்கேதான் இருக்கிறது.

கிட்டார் கனமானதற்கு ஒரு தொழிற்சாலை விபத்தைக் காரணம் சொல்வார்கள். 1965-ல் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் வேலையில் இருந்த டோனி அயோமி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடதுகைக்காரர் என்பதால் கம்பிகளை அழுத்தும் விரல்கள் அவை. பிளாஸ்டிக்கில் தொப்பி செய்து விரலுக்கு மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைத் தேடினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த, அவருடைய பிளாக் சபாத் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறங்கிய சுருதி முழுசாகக் கேட்கிறது. தொய்ந்த கம்பியிலிருந்து வந்த அந்த அடிவயிற்று ஒலிதான் ஹெவி மெட்டலின் அடையாளம்.

பங்க் வந்தது இதற்கு நேரெதிராக. குறுகிய பாட்டு, கண்மூடித்தனமான வேகம், யாரும் வாசிக்கலாம் என்ற துணிச்சல். அந்த வேகத்தை முதலில் காட்டிக்கொடுத்தவர்களும் பங்க்காரர்கள்தான். 1984-ல் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃப்ளாக் குழு 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டுகளை வைத்தது. ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சேற்றில் கால் புதைந்தவன் நடையில். வேகத்துக்காக வந்த ரசிகர்கள் கொதித்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மெல்வின்ஸ் குழுவோ அதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸில் ஐஹேட்காட் போன்றவர்கள் அதில் இன்னும் அழுக்கைச் சேர்த்தார்கள். இன்று ஸ்லட்ஜ் என்ற பெயரில் உலகம் முழுக்க வாசிக்கப்படும் இசைக்கு அந்த இரண்டாம் பக்கமும் ஒரு பெற்றோர்.

ஓக்லாந்தின் நியூரோசிஸ் இந்தப் பாதையை மிகத் தொலைவுக்குக் கொண்டுபோனது. 1985-ல் சாதாரண ஹார்ட்கோர் பங்க் குழுவாகத் தொடங்கியவர்கள், 1992-ல் 'சோல்ஸ் அட் ஜீரோ', 1996-ல் 'த்ரூ சில்வர் இன் பிளட்' என்று போகப்போகப் பாட்டுகளைப் பத்து நிமிடத்துக்கு நீட்டினார்கள். பழங்குடிகளின் முரசுபோல் ட்ரம்ஸை அடுக்கினார்கள், பின்திரையில் படம் ஓட்டினார்கள். 2009-ல் ரோட்பர்னின் ஒரு நாளுக்கான குழுக்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் இவர்களே, 2016-ல் தங்கள் 30 ஆண்டை அங்கே இரண்டு இரவுகள் கொண்டாடியவர்களும் இவர்களே. இந்தக் கதைக்கு இருண்ட வால் ஒன்று உண்டு. குழுவின் பாடகர்களில் ஒருவராக இருந்த ஸ்காட் கெல்லி, தன் மனைவியையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் வதைத்துவந்ததை 2022-ல் தானே பொதுவில் ஒப்புக்கொண்டு இசையை விட்டார். குழு அதற்கு முன்பே அவரை விலக்கியிருந்தது. வலியைப் பாடும் இசை என்று பெருமை பேசும் வட்டத்துக்கு, அந்த வலியை வீட்டில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நேராக முகத்தில் அறைந்தது.

கன்வெர்ஜ் கதை வேறு மாதிரி. மாசசூசெட்ஸின் சேலம் நகரத்தில் 1990-ல் பள்ளிப் பையன்களாகத் தொடங்கிய ஹார்ட்கோர் குழு. 2001 செப்டம்பரில் வந்த 'ஜேன் டோ' ஆல்பம், பங்க்கின் கோபத்தையும் மெட்டலின் கணக்கையும் பிசைந்து ஒரு தலைமுறைக்கே இலக்கணமானது. உறையில் இருக்கும் அந்தப் பெண்முகத்தை வரைந்தவர் பாடகர் ஜேக்கப் பேனன். ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர் கிட்டார் கலைஞர் கர்ட் பல்லூ. இசைத்தட்டு நிறுவனம் ஒன்றையும் பேனனே நடத்துகிறார். எதற்கும் வெளியாளை எதிர்பார்க்காத குடும்பத் தொழில்.

2016-ல் இவர்கள் டில்பர்க்குக்கு வந்து இரண்டு நிகழ்ச்சிகள் கொடுத்தார்கள். ஒன்றில் 'ஜேன் டோ' முழுமையாக. இன்னொன்றுதான் யாரும் எதிர்பார்க்காதது: பாடகி செல்சி வுல்ஃப், கிட்டார் கலைஞர் ஸ்டீஃபன் பிராட்ஸ்கி, பென் சிஸம் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, தங்களுடைய மெதுவான, நீண்ட, பாதி மறந்துபோன பாட்டுகளைப் பெரிய குழுவாக வாசித்தார்கள். அந்த மாலைக்காகக் கூடிய கூட்டணி கலைய மறுத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021-ல், அதே கூட்டணியின் 'பிளட்மூன்' ஆல்பம் வெளிவந்தது. 2018-ல் பேனன் விழாவின் தேர்வாளராகத் திரும்பி வந்தார். அதே ஆண்டு ஃபின்லாந்தின் இரண்டு குழுக்கள், ஒரான்சி பசூசுவும் டார்க் புத்தா ரைசிங்கும், விழா கேட்டதற்காக ஒன்றுசேர்ந்து புதிதாக ஒரு நீண்ட படைப்பை எழுதி வாசித்தன. மேடையில் பத்துப் பேர். அதுவும் மறு ஆண்டு ஆல்பமானது.

லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துத் தௌ குழுவை எனக்குத் தனியாகப் பிடிக்கும். கேட்பதற்கு அவர்கள் மெட்டல். நடப்பதில் அசல் பங்க். சிறு அறைகளில் வாசிப்பார்கள், இசையை இலவசமாகவே வெளியிடத் தயங்கமாட்டார்கள், புகழ்பெற்றவர்களின் பாட்டுகளைச் சொந்தப் பாட்டுபோல் பாடித் தொலைப்பார்கள். 2019-ல் விழா அவர்களை 'தங்கும் கலைஞர்' ஆக்கியது. அதாவது ஒரு நிகழ்ச்சி அல்ல, வெவ்வேறு முகங்களோடு பல நிகழ்ச்சிகள். ஸ்கேட்டிங் பலகையில் பையன்கள் பாயும் சரிவுத்தளம் உள்ள ஒரு கொட்டகையில், பழைய பங்க் குழுவான மிஸ்ஃபிட்ஸின் பாட்டுகளை வாசித்தது அதில் ஒன்று. இன்னொரு மேடையில் எம்மா ரூத் ரண்டில் என்ற பாடகியோடு சேர்ந்து, விழாவுக்கென்றே எழுதிய பாட்டுகள். ரண்டில் அதுவரை தனிக்குரலும் கிட்டாருமாக மெல்லிய, வேதனை தோய்ந்த பாட்டுகளுக்குப் பேர்போனவர். தௌவின் கனத்த சுவருக்கு எதிரே அவர் குரல் நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2020-ல் வந்த அவர்களின் கூட்டு ஆல்பம் பதில்.

வெட்கம் யாருடையது

2020 ஏப்ரலில் விழா இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. 2021-லும் கூட்டம் கூட அனுமதி இல்லாதபோது, காலி அரங்கத்திலிருந்து மூன்று நாட்கள் நிகழ்ச்சிகளை இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பினார்கள். கூட்டமில்லாத மெட்டல் நிகழ்ச்சியைப்போல் பரிதாபமான காட்சி வேறில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வேன். ஆனால் அந்த மூன்று நாட்களில் வாசிக்கப்பட்ட ஒன்று அந்த எண்ணத்தைத் தகர்த்தது.

ராட்டர்டாமின் கோல்ட் குழுவிடம் விழா ஒரு புதிய படைப்பைக் கேட்டிருந்தது. பாடகி மிலேனா ஏவா, தன் இளம் வயதில் தனக்கு நடந்த பாலியல் வன்கொடுமையையும், அதற்குப் பிறகான ஆண்டுகளில் தன்மேலேயே சுமத்திக்கொண்ட வெட்கத்தையும் பற்றி எழுதினார். 'இந்த வெட்கம் என்னுடையதாக இருக்கக்கூடாது' என்று பொருள்படும் தலைப்பில் அது 2022-ல் ஆல்பமாக வந்தது; அந்த ஏப்ரலில் கூட்டத்தின் முன்னும் வாசித்தார்கள். கிட்டார்கள் பெரும்பாலும் பின்னே நிற்கின்றன. எலெக்ட்ரானிக் துடிப்பும், உணர்ச்சியைப் பிழியாத நிதானக் குரலும்தான் முன்னே. அலறலே இல்லாமல் இவ்வளவு கனமான ஒன்றைச் செய்யலாம் என்பதை நிரூபித்த படைப்பாகவே அதை நான் வைத்திருக்கிறேன். இந்த வட்டம் நெடுங்காலம் ஆண்களின் வட்டம். மேடையிலும் கீழேயும் அதே தாடிகள். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. போதுமான அளவு மாறவில்லை.

அண்மைக்கால வரவுகளில் ஓக்லஹோமாவின் சாட் பைல் குழுவைச் சொல்லாமல் விடமுடியாது. பெயரைப் பாருங்கள். ஓக்லஹோமாவின் வடகிழக்கு மூலையில் பிச்சர் என்று ஒரு சுரங்க ஊர் இருந்தது. ஈயமும் துத்தநாகமும் எடுத்த பிறகு மிஞ்சிய நச்சுக் கழிவுக்கல் மலை மலையாகக் குவிந்தது. பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள். இரத்தத்தில் ஈயம் ஏறியது. 1983-ல் அமெரிக்க அரசு அந்தப் பகுதியை அபாயக் கழிவிடப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் ஊரையே காலிசெய்தார்கள். அந்தக் கழிவுக் குவியலின் பெயர்தான் குழுவின் பெயர். நால்வரும் புனைபெயர்களில் வாசிக்கிறார்கள். 2022-ல் வந்த 'காட்ஸ் கன்ட்ரி' ஆல்பத்தின் ஒரு பாட்டில், வீடில்லாத மனிதர்கள் ஏன் தெருவில் கிடக்கிறார்கள் என்று பாடகர் குழந்தைபோல் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுக்குமொழி இல்லை, உவமை இல்லை. ட்ரம்ஸ் இயந்திரம்போல் இடிக்க, பேஸ் துருப்பிடித்த தகரம்போல் அதிர, அந்தக் கேள்வி மட்டும். 2023-ல் ரோட்பர்னில் அவர்கள் வாசித்தபோது, மெட்டலா பங்க்கா என்ற வகைபிரிப்புச் சண்டைக்கு யாருக்கும் நேரமில்லை.

யார் காசு?

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்ற கணக்கைப் பார்க்காமல் புகழ்ந்துகொண்டே போனால் அது விளம்பரம்.

ஐரோப்பிய விழாக்கள் பல இன்று சில நிறுவனங்களின் கையில். நெதர்லாந்தின் லோலண்ட்ஸ், பிங்க்பாப் விழாக்களை நடத்தும் மோஜோ, அமெரிக்காவின் லைவ் நேஷனுக்குச் சொந்தம். வாக்கனில் பெரும் பங்கு வைத்திருக்கும் சூப்பர்ஸ்ட்ரக்ட் நிறுவனத்தை 2024-ல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அந்த முதலீட்டாளர்களின் மற்ற தொழில்களைக் காரணம் காட்டி 2025-ல் பல கலைஞர்கள் அவர்களுடைய விழாக்களிலிருந்து விலகினார்கள். இந்த வரைபடத்தில் ரோட்பர்ன் ஒரு புள்ளி. அதைக் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆண்டு முழுவதும் இயங்கும், நகராட்சி மானியம் பெறும் அரங்கம் ஒன்று அதன் வீடாக இருப்பது. மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, ஊழியர் எல்லாம் ஏற்கெனவே உண்டு. வயலில் புதிதாகக் கூடாரம் அடித்து, மழைக்குப் பயந்து, அந்தச் செலவை மீட்கப் பெரிய நட்சத்திரத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை. இரண்டு, அளவுக்கு மீறி வளர மறுத்தது. சீட்டுகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்த ஆண்டுகளிலும் அவர்கள் ஊருக்கு வெளியே மைதானத்துக்குப் போகவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் சூப்பர்சானிக் விழா 2003 முதல் இதே மனப்பாங்கில் நடக்கிறது. லிசா மேயர் நடத்தும் கேப்சூல் அமைப்பு சோதனை இசையையும் சத்தத்தையும் பழைய தொழிற்பேட்டைக்குள் கொண்டுவருகிறது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் மானியத்துக்கும் இடத்துக்கும் போராட்டம். டச்சு ஏற்பாட்டின் அருமை அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஏற்பாடும் அசைக்கமுடியாததல்ல. 2024-ல் டச்சு அரசு பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கான மதிப்புக்கூட்டு வரியை 9 சதவீதத்திலிருந்து 21-ஆக உயர்த்தத் திட்டமிட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு பண்பாட்டுத் துறைக்கு விலக்குக் கிடைத்தது. தங்கும் விடுதிகளுக்குக் கிடைக்கவில்லை. 2026 ஜனவரி முதல் அவற்றுக்கு 21 சதவீதம். நான்கு நாள் சீட்டே இருநூறு யூரோவைத் தாண்டும்போது, விடுதிக் கட்டணமும் ஏறினால் யார் வரமுடியும்? பங்க் என்பது காசில்லாதவர்களின் இசை என்று சொல்லிக்கொள்கிறோம். அதன் மிகத் துணிச்சலான மேடைக்கு வர நல்ல வேலையும் விடுப்பும் தேவைப்படுகின்றன. இந்த முரண் ரோட்பர்னுக்கு மட்டும் உரியதல்ல, ஆனால் அங்கே கண்ணை உறுத்துகிறது.

பழைய ரசிகர்களின் குறை வேறு. புழுதி கிட்டாருக்காகத் தொடங்கிய விழாவில் இப்போது ராப் எதற்கு, அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டு எதற்கு என்பார்கள். 2024-ல் கிளிப்பிங் என்ற ராப் குழுவும் டப்ளினின் லங்கம் குழுவும் வந்தார்கள். கனம் என்றால் என்ன என்பதை மாற்றி எழுதுவோம் என்பது விழாவின் இப்போதைய கோஷம். கோஷங்களைக் கண்டால் எனக்கு அலர்ஜி; ஆனால் லங்கம் தங்கள் ஆர்மோனியத்தையும் குழல் கருவிகளையும் இழுத்து அடிச்சுருதியில் நிறுத்தும்போது, அதைவிடக் கனமாக எந்த மெட்டல் குழுவும் வாசிப்பதில்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அதேசமயம் கேட்டு எழுதவைப்பவை எல்லாமே தேறுவதில்லை. இரண்டு குழுக்களைச் சேர்த்துவிட்டால் இரட்டிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிறந்து, யாரும் யாருக்கும் வழிவிடாமல் முட்டிக்கொண்ட கூட்டணிகளும் உண்டு. அவை ஆல்பமாவதில்லை என்பதால் நமக்குக் கேட்கக் கிடைப்பதில்லை. தோற்கவும் இடம் தருவதுதான் அந்த மேடையின் உண்மையான செலவு.

2010-ல் விழாவை இயற்கையே சோதித்தது. விழா தொடங்கிய அதே ஏப்ரல் 15 அன்று ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை மூடியது. விமானத்தை நம்பியிருந்த குழுக்கள் பல வரமுடியவில்லை. வந்திருந்தவர்களை வைத்து இடங்களை நிரப்பி விழாவை நடத்தி முடித்தார்கள்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. டச்சு அரங்குகளும் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 15 நிமிடச் சராசரி 103 டெசிபலைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அளவுகோல் இன்னும் கறாரானது: 100. காதுக்கு ரப்பர் அடைப்பான் இல்லாமல் அங்கே நிற்பவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும், முதல்முறை வந்தவர்கள். சன் ஓ போன்ற குழுவில் ட்ரம்ஸ் கிடையாது. ஆம்ப்ளிஃபயர்களை மதில்போல் அடுக்கி, ஒரே சுருதியை நிமிடக்கணக்கில் ஒலிக்கவிடுவார்கள். அந்த ஆம்ப்ளிஃபயர் நிறுவனத்தின் பெயர்தான் குழுவின் பெயரும். காதைவிட நெஞ்செலும்பும் சட்டைத் துணியும்தான் அந்த இசையை அதிகம் உணரும். இதை இசைத்தட்டில் கொண்டுவர முடியாது, முயலவும் வேண்டாம்.

மற்றவற்றை வீட்டிலேயே கேட்கலாம். இந்த இசைக்குப் புதியவர்கள் ட்ரிப்டிகானின் ரெக்வியம் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. ஆர்கெஸ்ட்ரா கைபிடித்து அழைத்துப்போகும். அடுத்து ரண்டிலும் தௌவும் சேர்ந்த 'மே அவர் சேம்பர்ஸ் பி ஃபுல்'. மூன்றாவதாக, கன்வெர்ஜ் 2016-ல் டில்பர்க்கில் வாசித்ததன் நேரடிப் பதிவான 'ஜேன் லைவ்'. முதல் பத்து நிமிடம் வெறும் ரகளையாகத்தான் படும். பொறுத்துக்கொள்ளுங்கள், பாட்டுகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கடைசிப் பாட்டு பதினொரு நிமிடத்துக்கு மேல் நீள்வது. முன்னால் உள்ள பதினொன்றையும் கேட்காதவருக்கு அது பிடிபடாது.